புதிதாகக் கங்காணியாகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஆட்களை நடத்துகிறவர் கங்காணி. அவருக்கு மேலே வேலையையும் கணக்கையும் பார்க்கும் கணக்கப்பிள்ளையும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும். கீழே நேற்றுவரை கூட நின்று கொழுந்து பறித்த சொந்தபந்தம். யார் மனமும் நோகாமல் ஓட்டிவிடலாம் என்று புதிய கங்காணிகள் பேச வேண்டியதைத் தள்ளிப்போடுகிறார்கள். மலையில், அதாவது கொழுந்து பறிக்கும் தேயிலை நிலத்தில், கசப்பு வளர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

மிக அதிகமாகக் கெடுவது தராசடியில். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் நிறையில் ஏறும். கழிவு வைக்க நியாயம் உண்டு. ஆனால் கேள்வி வருமே என்று தலைகுனிந்தபடி குறைத்து எழுதினால் அதைக் களவென்றுதான் எடுப்பார்கள், அப்படி எடுப்பது பிழையுமில்லை. ஒரு கிலோ குறைந்து, முழு நாளுக்குப் பதில் அரை நாளாகப் பதியும் அரைப்பேர் விழுந்தால் பாதி நாள் சம்பளம் போகிறது.

ஆகவே வெறும் சாக்கை எல்லோர் முன்னும் நிறுத்துக் காட்டுங்கள். நனைந்த சாக்கு கனம் கூட. மழை நாளில் நனைந்ததையே நிறுங்கள். தராசு காட்டும் நிறை, சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள்: "18 இருக்கு அக்கா. சாக்குக்கு 1, தண்ணிக்கு 1. 16 எழுதுறேன்." "நேத்தும் இதே மழைதானே, அரைக் கிலோதானே கழிச்சீங்க?" என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். பதில் தெரியாவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, அந்தி நிறுவைக்குள் வந்து சொல்லுங்கள். அவர் கேட்டது சரியென்றால் எல்லோர் முன்னும் திருத்தி எழுதுங்கள். அந்த நேரம் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் மறுநாள் தராசடியில் சத்தம் குறைந்திருக்கும்.

அடுத்தது, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் சொல்லி ஏசுவது. கூட்டத்தில் ஏசுவது சுலபம், தனியாகப் பேசுவதுதான் கஷ்டம். முத்தல் இலை வந்தால் அவருடைய நிரைக்கே போங்கள். கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பதை ஒருபக்கம், முத்தலை மறுபக்கம் பிரித்துக் காட்டுங்கள். அதற்கு முன் சுற்றையும், அதாவது அதே மலையில் மறுபடி கொழுந்து பறிக்க வரும் இடைவெளியையும், பாருங்கள். 7 நாளில் வர வேண்டிய சுற்று 12 நாளானால் எந்தக் கையும் முத்தலைத்தான் காணும். அப்போது பேச வேண்டிய இடம் துரையின் ஒபிஸ்: எந்த மலை, எத்தனை நாள் தாமதம், எத்தனை ஆள் குறைவு என்று எழுதிக்கொண்டு போங்கள்.

குளவிக்கூடு விஷயத்தில் மட்டும் தயங்கவே கூடாது. கூடு இருக்கிறதென்று யார் சொன்னாலும், "நேத்து ஒண்ணும் ஆகலையே" என்று ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். குளவி கொட்டித் தோட்டங்களில் உயிர்களே போயிருக்கின்றன. கல்லெறியவோ புகை போடவோ விடாமல் எல்லோரையும் சத்தமின்றி வெளியே எடுத்து, வேறு மலைக்கு மாற்றிவிட்டு உடனே மேலே அறிவியுங்கள். கிலோ குறைந்ததற்குத் துரை ஏசினால் அந்த ஏச்சு உங்களோடு நிற்கட்டும், கூட்டைப் பார்த்துச் சொன்னவரின் பேரை இழுக்காதீர்கள். கூட்டுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை, ஆட்கள் மறுபடி அந்த மலையில் இறங்குமுன் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.