பள்ளி மாறும் முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஆசிரியர் வேலைக்கு வரும் தமிழர்களில் பலர் முதல் பள்ளியிலேயே நிலைத்துவிடுவதில்லை. துபாயில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்த பிறகு, கூடுதல் சம்பளத்துக்காகவோ கணவன் மனைவி ஒரே ஊரில் இருப்பதற்காகவோ அபுதாபிக்கு மாறுகிறார்கள். அப்போது ஆசிரியர் அறையில் எல்லோரும் விசாவைப் பற்றியும் சான்றிதழைப் பற்றியும்தான் விசாரிப்பார்கள்; குடியிருக்கும் வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் கைப்பணம் போவது பெரும்பாலும் அந்த வீட்டில்தான். என் தோழி ஒருவர் சென்ற ஆண்டு அப்படிப் பணத்தை இழந்ததை அருகில் இருந்து பார்த்தவள் என்ற முறையில், புதிதாக வருபவர்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அலுவலக வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, வேலையை விடுவதற்கான முன்னறிவிப்புக் காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்களுக்கு எத்தனை நாள் என்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது கணக்கு. வேலை முடிந்த 14 நாளுக்குள் பள்ளி எல்லா நிலுவையையும் தீர்த்துவிட வேண்டும். ஆட்சேர்ப்புச் செலவு என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; அதை ஊழியரிடம் வசூலிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. துபாயின் தனியார் பள்ளிகள் அங்குள்ள கல்வி ஒழுங்குமுறை அமைப்பான கே.எச்.டி.ஏ.வின் கீழும், அபுதாபியின் தனியார் பள்ளிகள் அங்குள்ள கல்வித் துறையான அடெக்கின் கீழும் வருவதால், புதிய பள்ளி உங்களுக்காக முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஊரிலேயே அலைந்து திரிந்து சான்றொப்பம் வாங்கிய பட்டச் சான்றிதழ்களின் அசல்களை இதற்காகக் கையில் வைத்திருங்கள். குடும்பம் உங்கள் பொறுப்பில் இருந்தால், அவர்களுடைய விசாவை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ விண்ணப்பித்த பிறகுதான் உங்களுடையதை ரத்து செய்ய முடியும். இவை எல்லாம் நாள் பிடிக்கும் வேலைகளே தவிர, முறையாகச் செய்தால் எங்கும் சிக்குவதில்லை.

வீடு அப்படியல்ல. சென்னையில் வாடகைக்கு இருந்த பழக்கத்தில் நாம் இங்கே ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் கோளாறின் தொடக்கம். அங்கே 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தினாலும், ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால் சொல்லிவிட்டு, வெள்ளையடிக்கப் பிடித்ததுபோக மீதி முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். துபாயில் முன்பணம் வழக்கமாக ஆண்டு வாடகையில் ஐந்து சதவீதம்தான் என்று கேட்டதும், ‘இவ்வளவுதானா?’ என்று நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அதே மேசையில், ஓராண்டு வாடகை முழுவதற்கும் பின்தேதியிட்ட காசோலைகளை ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு அல்லது பன்னிரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்த பிறகு, அந்த ஆண்டு முழுவதும் நம் பொறுப்பு. 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் துபாய் வாடகைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதில் எந்தக் குழப்பமும் வைக்கவில்லை: ஒப்பந்தக் காலம் முடியும் முன் வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ தன்னிச்சையாக அதை முறிக்க முடியாது. இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது அந்தச் சட்டமே இடம் கொடுக்க வேண்டும். இடையில் காலி செய்வதற்கான நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அதுதான் இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டதற்குச் சான்று. எழுதப்படவில்லை என்றால், எத்தனை மாதம் முன்னால் சொன்னாலும் அது வெறும் தகவல்தான்.

ஆசிரியர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வலிப்பதற்குக் காரணம் பள்ளி நாட்காட்டி. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் கோடை விடுமுறை முடிந்த பிறகு தொடங்குகிறது. வீட்டு ஒப்பந்தமோ நாம் வந்து இறங்கிய மாதத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு அதே மாதத்தில்தான் முடிகிறது. இந்த இரண்டு ஆண்டுகளும் தற்செயலாகப் பொருந்தினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

என் தோழி கணித ஆசிரியை. ஆண்டின் நடுவில் காலியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர் என்பதால் அவருடைய வீட்டு ஒப்பந்தம் செப்டம்பர் முதல் தேதி தொடங்கியது. ஆண்டு வாடகை 48,000 திர்ஹம். அதற்கு நான்கு காசோலைகள். அபுதாபிப் பள்ளி ஒன்று ஏப்ரலில் வந்து சேரச் சொன்னதும், பிப்ரவரியின் தொடக்கத்திலேயே பள்ளிக்கு முறைப்படி கடிதம் கொடுத்தார். அந்த வாரமே வீட்டு முகவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். ‘பிரச்சினை இல்லை மேடம், பார்த்துக்கொள்ளலாம்’ என்று முகவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அபுதாபியில் வேறு வீடு பேசி முடித்தார். மார்ச் முதல் தேதி மூன்றாவது காசோலை வழக்கம்போல் வங்கிக்குப் போனது. அதில் ஏப்ரல், மே மாதங்களின் வாடகையும் அடக்கம். வீட்டுக்காரரின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது, ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசி வரை இருக்கிறது, இடையில் முறிக்கும் நிபந்தனை எதுவும் இல்லை, ஜூன் காசோலையும் உரிய தேதியில் போடப்படும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்கள். முகவரோ, வீடு காட்டுவதுதான் தன் வேலை என்றார். கடைசியில் மே மாத இறுதியில் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் கிடைத்ததால் ஜூன் காசோலையை வங்கியில் போடாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் வெறுமனே பூட்டிக் கிடந்த இரண்டு மாதத்துக்கு 8,000 திர்ஹமும், முன்பணமாகக் கொடுத்த 2,400 திர்ஹமும் போயின. அந்த இரண்டு மாதமும் அபுதாபி வீட்டுக்கும் அவர் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்த அறிவுரைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. புதிதாக வந்த ஆசிரியர் குடும்பம் ஒன்றை அந்த வீட்டில் வைத்துவிட்டு அவர்களிடம் வாடகை வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை அதே துபாய் வாடகைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது; மீறினால் அந்தப் புதுக் குடும்பத்தையும் சேர்த்து வெளியேற்றலாம். புதிய பள்ளி வேறு வங்கியில் கணக்கு திறக்கத்தானே போகிறது, பழைய கணக்கில் இருப்பதை எடுத்துக்கொண்டு மூடிவிட்டால் காசோலை தானாகத் திரும்பிவிடும் என்றார் இன்னொருவர். இது அதைவிட ஆபத்தானது. 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்புவது மட்டுமே குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் காசோலை வங்கிக்கு வரும் முன் வேண்டுமென்றே கணக்கை மூடுவதும், இருப்பை முழுவதும் எடுத்துவிடுவதும், உரிய காரணமின்றிப் பணம் கொடுக்காதே என்று வங்கிக்கு உத்தரவிடுவதும் இன்றும் குற்றமே. சாதாரணமாகத் திரும்பிய காசோலையைக் கூட, வழக்கு நடத்தித் தீர்ப்பு வாங்காமலேயே நேராகத் தீர்ப்புகளை நிறைவேற்றும் நீதிபதியிடம் கொண்டுபோக முடியும். அது பயணத் தடை வரையில் போகலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக விமான நிலையத்தில் நிற்கும்போது அது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, வீடு பிடிக்கும்போதே சில காரியங்களைச் செய்துகொள்ளுங்கள். இடையில் காலி செய்யும் நிபந்தனையை ஒப்பந்தத்தின் கூடுதல் நிபந்தனைகள் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமாக இரண்டு மாத முன்னறிவிப்பும் இரண்டு மாத வாடகை இழப்பீடும் கேட்பார்கள். அது அதிகம் என்று தோன்றினாலும், எழுதப்படாமல் இருப்பதைவிட அதுவே மேல். அதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுக்காரரிடம், ஒப்பந்தத்தை உங்கள் பள்ளி ஆண்டின் முடிவோடு முடியும்படி குறைந்த மாதங்களுக்கோ கூடுதல் மாதங்களுக்கோ போட முடியுமா என்று கேளுங்கள். காசோலைகளின் எண்ணிக்கை கூடினால் வாடகையும் சற்றுக் கூடும். ஆனாலும் முதல் ஆண்டில் இருக்கும் ஆசிரியர் பன்னிரண்டு காசோலைக்கே முயல வேண்டும் என்பது என் கருத்து: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு நிற்பதைவிட, இன்னும் போடப்படாத காசோலையைப் பற்றிப் பேரம் பேசுவது எளிது. ஒப்பந்தம் துபாய் அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவேடான எஜாரியில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்த பிறகும் இரு தரப்பும் ஒன்றும் சொல்லாமல் குடியிருப்பு தொடர்ந்தால் ஒப்பந்தம் அதே நிபந்தனைகளோடு தானாகப் புதுப்பிக்கப்பட்டதாகிவிடும் என்பதால், புதுப்பிக்கப் போவதில்லை என்பதை மின்னஞ்சலில், ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே, முகவருக்கு மட்டுமன்றி வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள்.

ஏற்கெனவே நிபந்தனை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பள்ளியில் ராஜினாமா கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் நேரில் பேசி, எவ்வளவு கொடுத்தால் விடுவிப்பார் என்பதைக் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதமே மீதி என்றால் அதே வீட்டிலிருந்து போய்வருவதும் ஒரு வழி. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர் தூரம். துபாயின் இப்னு பதூதா பேருந்து நிலையத்திலிருந்து அபுதாபிக்கு ஈ101 பேருந்து ஓடுகிறது. விடியற்காலையில் எழுந்து ஓடுவது பெரும் அலுப்புதான், ஆனால் இரண்டு வீட்டுக்கு வாடகை கொடுப்பதைவிடத் தாங்கக்கூடியது.

அபுதாபியில் எஜாரியின் இடத்தில் தவ்தீக் என்ற பதிவு இருக்கிறது. வில்லாவைத் தடுத்து அறை அறையாகப் பிரித்த வீடுகள் மலிவாகக் கிடைக்கும், பள்ளிக்கும் பக்கமாக இருக்கும். ஆனால் தனி தவ்தீக் இல்லாத இடத்தில் குடியேறினால் குடும்பத்துக்கு விசா எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

துபாய் வீட்டைக் காலி செய்யும் நாளில், போடப்படாத காசோலைகளின் எண்களை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு அசலாகவே திரும்ப வாங்குங்கள்; நகல் போதாது. பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதமும், எஜாரி ரத்தானதற்கான தாளும் அதோடு வர வேண்டும். தீவாவின் மின்சார, குடிநீர்க் கணக்கை முடித்தால், அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டிய 2,000 திர்ஹம் வைப்புத்தொகையிலிருந்து கடைசிப் பட்டியலைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆண்டு வாடகையில் ஐந்து சதவீதமாகக் கணக்கிட்டு, மாதாமாதம் அந்தப் பட்டியலில் பிரித்துச் சேர்க்கப்படும் வீட்டுவசதிக் கட்டணமும் அதோடு நிற்கும். அந்த மீதியும், பழைய பள்ளியின் பணிக்கொடையும், வீட்டின் முன்பணமும் வந்து சேர்ந்து, கடைசிக் காசோலையும் உங்கள் கைக்குத் திரும்பிய பிறகு பழைய வங்கிக் கணக்கை மூடுங்கள்.