செம்மண் ஊரில் காருக்குக் கிளே போடுவது: பெயின்ட் கீறாமல் செய்யும் முறை

காரைக் கழுவித் துடைத்தபின் கையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் விட்டு, பொனட்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கிளே (களிமண் போல் பிசையக்கூடிய, பெயின்ட்டைத் துப்புரவாக்கும் கட்டி) தேவையில்லை. குருணை குருணையாகத் தட்டுப்பட்டால் தார், மரப்பால், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் எல்லாம் பெயின்ட்டில் ஒட்டிக் கிடக்கின்றன என்று அர்த்தம். ஷாம்புக்கு இவை அசையாது. கிளே பார் இவற்றைப் பிடித்து இழுத்து எடுக்கும்.

சரியாகச் செய்தால் கிளே ஆழமாகக் கீறாது. கீறுவது அதில் ஏறிக்கொண்ட மண். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிரவல் ஒழுங்கைகளில் ஓடும் காரில், அதுவும் சோளகம் வீசும் மாதங்களில், கதவின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்புழுதி. அதில் உள்ள மணல், பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அதனால் பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது.

கழுவுதல்

முதலில் தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழாக. மட்கார்ட் உள்மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு, நம்பர் பிளேட்டின் பின்புறம் ஆகியவற்றில் ஓடும் தண்ணீர் தெளியும்வரை அடியுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். சட்டி கழுவும் சவர்க்காரம் வேண்டாம்.

தார்ப் புள்ளிகளுக்குத் தார் ரிமூவர். மண்ணெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் துணி நுனியில் சொட்டு எடுத்து, ஒற்றித் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். றப்பர் பீடிங்கில் படக்கூடாது. வெள்ளைக் காரின் பின்கதவில் ஊசிமுனை அளவு செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது இரும்பு. வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் நிற்கும் கார்களில் நிறையவே இருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாக ஒழுகும். காயமுன் கழுவிவிடுங்கள். மணம் கடுமை, வெளியிடத்தில் செய்யுங்கள். இவை இரண்டையும் முடித்துவிட்டுத் தொட்டால் கிளேக்கு வேலை குறையும், பெயின்ட்டுக்கும் உரசல் குறையும்.

வழுக்கும் தண்ணீர்

கிளே உலர்ந்த பெயின்ட்டில் இழுபடாமல் வழுக்கி ஓட ஒரு கலவை வேண்டும். தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 1 லீற்றர் தண்ணீருக்கு 10–15 மி.லீ. கார் ஷாம்பு கலந்து ஸ்ப்ரே போத்தலில் நிரப்புங்கள். ஒரு சிறிய காருக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் போகும். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு கூடியது. காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். கலவைக்கும் கடைசி அலசலுக்கும் மழைத்தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது.

வேலை நேரம் காலை 8 மணிக்கு முன், அல்லது வெயில் சாய்ந்தபின், நிழலில். புறங்கையைப் பொனட்டில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. சூட்டில் இரண்டு கேடு: கலவை உடனே காய்ந்து கிளே உலர்ந்த பெயின்ட்டில் இழுபடும், கிளேயும் இளகிக் கோடு கோடாக அப்பிக்கொள்ளும்.

கிளே போடுதல்

மென்மையான தரத்தையே வாங்குங்கள். கடும் தரம் வேகமாக இழுக்கும், ஆனால் பாலிஷ் செய்ய வேண்டிய மங்கலை விட்டுப்போகும். கிளே பூசிய துவாயும் கையுறையும் விரைவானவைதான்; முதல் காருக்குக் கட்டிக் கிளேயே என் தெரிவு, உரசலை விரல் உணரும்.

சுமார் 50 கிராம் பிய்த்து, மூன்று விரல் அகலத் தட்டையாக்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் கலவையைத் தாராளமாக அடித்து, கிளேயிலும் அடித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாக வேண்டாம். அழுத்தம், சவர்க்காரக் கட்டி கையிலிருந்து நழுவாமல் பிடிக்கும் அளவுக்கே. முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். சத்தம் அடங்கி வழுக்கத் தொடங்கியதும் அந்த இடம் முடிந்தது. இழுபட்டால் அழுத்தாதீர்கள், இன்னும் அடியுங்கள்.

ஒவ்வொரு இடம் முடிந்ததும் கிளேயைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புக் கோடுகள் ஏறியிருக்கும். உள்ளே மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுங்கள். கதவின் கீழ்ப்பகுதியைக் கடைசியாக, தனித் துண்டால் செய்யுங்கள்.

தரையில் விழுந்தால் குப்பையில் போடுங்கள். கழுவினால் போகும் என்று நினைக்க வேண்டாம், ஒட்டிய மணல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் முழுக் கட்டியையும் ஒரேயடியாக எடுக்காமல் பிய்த்து எடுக்கச் சொல்வது.

முடிந்ததும் அலசி, மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுங்கள். பழைய மெழுகும் கிளேயோடு போயிருக்கும். அன்றைக்கே வக்ஸ் (மெழுகு) அல்லது சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) போட வேண்டும். இந்த வெயிலுக்கு சீலன்ட்தான் கூடுதலாக நிற்கும். ஆண்டுக்கு ஒரு தடவை கிளே போதும். நாளும் கிரவலில் ஓடினால் இரண்டு.

பின்னர் சேர்த்தவை

கிளேயில் கார் நிறம் ஏறுகிறதா? கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட்டில் அது வழமை. கிளியர் கோட் உள்ள கார் என்றால் நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தைக் குறைந்தது 3 மாதம் தொடாதீர்கள். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்டுக்கு இந்த வேலையே கூடாது.

வெள்ளை வட்டங்கள் கிளேக்குப் போகாவிட்டால், வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துணியால் ஒரு நிமிடம் வைத்து நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாவிட்டால் பெயின்ட் அரித்துவிட்டது. அது பாலிஷ் வேலை.

அப்பிக்கொண்ட கிளேயை நகத்தால் சுரண்ட வேண்டாம். கலவையை அடித்து, அதே கிளேயை மெல்ல ஒற்றி எடுத்தால் வந்துவிடும். மிச்சத்தைக் கலவை தெளித்துப் பெட்டியில் மூடி வீட்டுக்குள் வையுங்கள். டிக்கியில் வைத்தால் மத்தியான வெயிலில் உருகிப் பெட்டியோடு ஒட்டிவிடும்.