சிச்சிபு இரவுத் திருவிழாவைக் காணச் செல்வோருக்கு

ஜப்பானின் சைதாமா மாநிலத்தில், டோக்கியோவுக்கு வடமேற்கே, நாற்புறமும் மலை சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்துள்ள சிறு நகரம் சிச்சிபு. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 60,000 பேர். ஆனால் ஆண்டுதோறும் டிசம்பர் 2, 3 ஆகிய இரு நாள்களில் மட்டும் அந்த எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு மக்கள் அவ்வூரில் திரள்கிறார்கள். கியோத்தோவின் கியோன் விழா, ஹிதா தக்கயாமாவின் விழா ஆகியவற்றுடன் சேர்த்து ஜப்பானின் மூன்று பெரும் தேர்த் திருவிழாக்களுள் ஒன்றாக எண்ணப்படும் சிச்சிபு இரவுத் திருவிழாவே அதற்குக் காரணம். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த 33 ஜப்பானியத் தேர்த் திருவிழாக்களுள் இதுவும் உண்டு.

இந்த விழாவுக்கு முதன்முறையாக வருவோரில் பெரும்பாலோர் 3ஆம் தேதி மாலை இரயிலில் வந்து இறங்கி, தேர்கள் ஏறும் செங்குத்துச் சாலையை நோக்கி நேராக நடந்து, முன்னால் நிற்பவர்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரவுத் திருவிழா என்ற பெயரை நம்பி இரவுக்கு மட்டும் வருவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. தேரை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் பகலில் வர வேண்டும். இரவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

விழாவின் கதை

சிச்சிபு கோயிலில் குடிகொண்டுள்ள மியோகென் என்னும் பெண் தெய்வமும், ஊருக்குத் தெற்கே எழுந்து நிற்கும் புகோ மலையின் ஆண் தெய்வமும் ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு, டிசம்பர் 3ஆம் தேதி சந்திப்பதாக ஊரார் சொல்வார்கள். ஆனால் மலைத் தெய்வத்துக்கு முறைப்படி மனைவி ஒருத்தி இருக்கிறாள். அவள் பன்பா தெருவில் உள்ள சுவா கோயிலில் குடியிருக்கிறாள். ஆகவே 2ஆம் தேதி இரவு அவளிடம் அனுமதி பெறும் சடங்கு ஒன்று நடைபெறுகிறது. மறுநாள் அந்தக் கோயிலைக் கடக்கும்போது தேர்களின் முரசொலி நின்றுவிடும். இதைத் தெரியாதவர்கள் வாத்தியக்காரர்கள் இளைப்பாறுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

கதைக்கு அடியில் வேளாண்மை சார்ந்த வழிபாடும் இருக்கிறது. ஏப்ரல் 4ஆம் தேதி நடைபெறும் நடவு விழாவில், வயலுக்கு நீர் தரும் மலைத் தெய்வத்தைக் கோயிலுக்கு அழைக்கிறார்கள்; அறுவடை முடிந்தபின், டிசம்பரில் அதை மலைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். விழாவை வளர்த்தது பட்டு வணிகம். பட்டுப்புழு வளர்ப்பும் நெசவும் இப்பகுதியின் பிழைப்பாக இருந்த காலத்தில், ஆண்டிறுதியில் கூடிய பட்டுச் சந்தையின் பணமே தேர்களுக்குப் பொன்முலாமும் செதுக்கு வேலையும் ஆயிற்று. இந்த விழா 300 ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய நிலவமைப்பு

வடக்கே சிச்சிபு கோயில், தெற்கே நகராட்சிக் கட்டடத்தை அடுத்த பூங்காவில் சுவாமி தங்கும் மேடையான ஒதபிஷோ, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விழா முழுவதும் விளங்கிவிடும். தெய்வம் வடக்கிலிருந்து தெற்கே, அதாவது மலையை நோக்கிச் செல்கிறது. வழியில் ஒரு இரயில் பாதை குறுக்கிடுகிறது; அதைத் தாண்டியவுடன் தாங்கோ ஏற்றம் என்ற செங்குத்தான சிறு சாலை; ஏறி முடித்தால் ஒதபிஷோ.

இரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு விந்தை நடக்கிறது. தேர்கள் உயரமானவை என்பதால், விழா இரவில் சிச்சிபு இரயில்வே நிறுவனம் அந்தப் பகுதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, கடவுப்பாதைக்கு மேலே செல்லும் மின்கம்பியையே கழற்றிவிடுகிறது. விழாவுக்காக இரயில் வழிவிடும் ஊர்கள் உலகில் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த இரயிலில் ஊர் திரும்ப எண்ணியிருப்பவர் அறிவிப்பை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்களில் பார்க்க வேண்டியவை

மொத்தம் ஆறு தேர்கள். நக்கச்சிக்கா, ஷிமோகோ ஆகிய இரண்டும் கசபோக்கோ எனப்படும் குடைத் தேர்கள். மியாஜி, கமிமாச்சி, நக்கமாச்சி, மோட்டோமாச்சி ஆகிய நான்கும் யதாய் எனப்படும் மேடைத் தேர்கள். குடைத் தேர்கள் ஒரு காலத்தில் உச்சியில் உயரமான மலர்க்குடைகளைத் தாங்கி உலா வந்தன. தெருக்களில் மின்கம்பிகள் வந்தபின் அவை குடையின்றியே செல்கின்றன. ஒவ்வொரு தேரின் எடையும் 10 டன்னிலிருந்து 20 டன் வரை இருக்கும்.

தமிழ்நாட்டுத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு வடம் பிடித்து இழுக்கும் கூட்டம் புதிதாகத் தோன்றாது. வேறுபாடு திருப்பத்தில் தெரியும். நம் ஊரில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். சிச்சிபுவில் பெரிய நெம்புகோல்களால் தேரைத் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டையை அச்சாக நிறுத்தி, அதன்மேல் முழுத் தேரையும் சுழற்றுகிறார்கள். கிரிமவாஷி எனப்படும் இந்தச் சுழற்றலே என் மதிப்பில் விழாவின் தலைசிறந்த காட்சி. ஊரின் நாற்சந்திகளில் பகலிலேயே இதைக் காணலாம். தாங்கோ ஏற்றத்தை ஒப்பிட்டால் இங்கே கூட்டம் மிகக் குறைவு.

சுழற்றல் எப்போது தொடங்கும் என்பதைக் காது சொல்லிவிடும். தேரின் அடிப்பகுதியில், வெளியே தெரியாதபடி, பெருமுரசு, சிறுமுரசுகள், குழல், சேகண்டி ஆகியவற்றை வாசிப்போர் அமர்ந்திருப்பார்கள். நேராகச் செல்லும்போது பெருமுரசு ஓங்கி ஒலிக்கும். தேர் திசை மாறும்போது அது அடங்கி, சிறுமுரசுகளின் நுட்பமான தாளம் மட்டும் கேட்கும். அந்த மாற்றம் காதில் பட்டவுடன் சந்தியை நோக்கி நகர வேண்டும். தேரின் முன்புறத்தில் நிற்கும் நால்வர் "ஹோர்யாய், ஹோர்யாய்" என்று கூவி இழுப்போரை ஊக்குவிப்பார்கள். தேர் கடந்து சென்றபின் உடனே விலகிவிடாமல் பின்புறத்தையும் பாருங்கள். மீன் முதலான உருவங்கள் புடைப்புப் பூவேலையாகத் தைக்கப்பட்ட பெருந்திரை அங்கேதான் தொங்குகிறது.

3ஆம் தேதி பகலில் மேடைத் தேர்களுள் ஒன்றின் இரு பக்கங்களிலும் சிறகு மேடைகள் பொருத்தப்பட்டு, அதில் கபுகி நாடகம் நடிக்கப்படுகிறது. நான்கு மேடைத் தேர்களுக்கும் உரிய தெருக்காரர்கள் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்து இதை நடத்துகிறார்கள். நடிப்பவர்கள் உள்ளூர் மக்களே.

இரு நாள்களை எப்படிப் பிரிப்பது

விழா வார நாளைப் பொறுத்து நகராது; எந்தக் கிழமையானாலும் 2, 3 தேதிகளில்தான் நடக்கும். 3ஆம் தேதி சனி அல்லது ஞாயிறாக அமைந்தால் நெரிசல் மிகவும் கூடும். கூட்டத்துக்கு அஞ்சுவோர், குழந்தைகளுடனும் முதியோருடனும் வருவோர் ஆகியோர் முன்விழாவான 2ஆம் தேதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்று குடைத் தேர்கள் வெளிவருவதில்லை. ஆனால் நான்கு மேடைத் தேர்களும் விளக்கேற்றி உலா வருகின்றன, இரவில் சிறிது நேரம் வாணவேடிக்கையும் உண்டு.

3ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தால் காலையிலேயே வந்துவிட வேண்டும். முற்பகலில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தேர்களையும், அவற்றின் மீது ஆடப்படும் நடனத்தையும் பார்க்கலாம். மாலை ஆறரை மணியளவில் தெய்வத்தின் ஊர்வலம் கோயிலிலிருந்து புறப்படுகிறது. இரண்டு குதிரைகளும் அதில் செல்கின்றன. அதன் பின்னால் நக்கச்சிக்காவில் தொடங்கி மோட்டோமாச்சியில் முடியும் வரிசையில் ஆறு தேர்களும் தாங்கோ ஏற்றத்தை நோக்கி நகர்கின்றன.

மாலைக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒதபிஷோவில் உள்ள கட்டண இருக்கைக்கு முன்பதிவு செய்து, ஆறு தேர்களும் ஏறி வந்து வரிசையாக நிற்பதைப் பார்ப்பது முதல் வழி. இருக்கைகள் குறைவு, விரைவில் தீர்ந்துவிடும். ஏற்றத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பது இரண்டாம் வழி. அதற்குப் பிற்பகலிலிருந்தே இடம் பிடித்துக் குளிரில் நிற்க வேண்டும், கூட்டம் நிரம்பியபின் காவலர்கள் வழியை அடைத்துவிடுவார்கள். ஏற்றத்தை மறந்துவிட்டு, கோயிலுக்கு அருகே தேர்கள் விளக்குகளுடன் புறப்படுவதைப் பார்த்து, பின்னர் ஊரின் திறந்த வெளி ஒன்றிலிருந்து வாணவேடிக்கையைக் காண்பது மூன்றாம் வழி. வேடிக்கை ஹிட்சுஜியாமா பூங்காவின் பக்கமிருந்து விடப்படுவதால் நகரின் பல இடங்களிலிருந்து தெரியும். முதல்முறை வருவோருக்கு நான் மூன்றாவதையே பரிந்துரைப்பேன். ஏற்றத்தில் ஒரு தேர் ஏறி முடித்து அடுத்தது வர நெடுநேரம் ஆகும் என்பதையும், அதுவரை நின்ற இடத்தை விட்டு அசைய முடியாது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போக்குவரத்தும் குளிரும்

டோக்கியோவின் இக்கெபுக்குரோ நிலையத்திலிருந்து செய்பு நிறுவனத்தின் லவியூ விரைவு இரயில் ஏறத்தாழ 80 நிமிடங்களில் செய்பு சிச்சிபு நிலையத்தை அடைகிறது. இதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவு இருக்கைகளே. முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறந்தவுடன், வருவதற்கு அல்ல, திரும்புவதற்கான இருக்கையை முதலில் வாங்குங்கள். காலையில் சாதாரண இரயிலில் ஹன்னோ வழியாக மாறி வந்தாலும் சமாளிக்கலாம். வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்தை நோக்கித் திரும்பும்போது இருக்கைச் சீட்டு இல்லாதவர் நெடுவரிசையில் நிற்க நேரும். குமகாயா நிலையத்திலிருந்து சிச்சிபு இரயில்வே வழியாக வருவது மற்றொரு பாதை. சாலைகள் அடைக்கப்படுவதால் கார் வேண்டாம். ஊரில் விடுதிகள் குறைவு. விழா இரவுக்கான அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

தாழ்நிலம் என்பதால் சூரியன் மறைந்ததும் குளிர் விரைவாக இறங்கி உறைநிலையை நெருங்கும். தடித்த மேலாடையைவிடக் கனத்த காலுறையும், உடையில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொட்டலமான கைரோவும்தான் அதிகம் உதவும். பல மணி நேரம் அசையாமல் நிற்கும்போது முதலில் விறைப்பது பாதங்கள்தான். கைரோ எல்லாச் சிறுகடைகளிலும் கிடைக்கும். செய்பு சிச்சிபு நிலையத்தை ஒட்டி 2017இல் திறக்கப்பட்ட வெந்நீர்க் குளியல் நிலையம் ஒன்று உண்டு. ஆனால் விழா இரவில் அதை நம்ப வேண்டாம்.

உணவுக்குத் தெருவோரக் கடைகளே போதும். உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்து, மிசோ என்னும் இனிப்பான சோயா விழுதைத் தடவித் தரும் மிசோ பொட்டேட்டோ இவ்வட்டாரத்தின் தின்பண்டம். சைவ உணவு உண்போர் துணிந்து கேட்கக்கூடியவற்றுள் இதுவே முதன்மை, ஆயினும் பொரிக்கும் எண்ணெய் பொதுவானதாக இருக்கலாம். அக்ரூட் பருப்பு அரைத்த குழம்புடன் தரும் சோபா நூடுல்ஸ் சைவம் போலத் தோன்றினாலும், அந்தக் குழம்பில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். இறைச்சி உண்போருக்குக் கிண்ணத்துக்கு வெளியே நீளும் பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்த வராஜி கட்சுதோன் உண்டு.

கோயிலும் ஊரும்

மறுநாள் தங்க முடிந்தவர்கள், அல்லது 3ஆம் தேதி விடியற்காலையில் வந்துவிடுபவர்கள், கோயிலைச் சுற்றி ஒரு முறை நிதானமாக நடக்க வேண்டும். 1569இல் போர்த்தலைவர் தக்கேதா ஷிங்கெனின் படையால் எரிக்கப்பட்ட இக்கோயிலை 1592இல், பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொக்குகவா இயேயாசு மீண்டும் கட்டினார். நுழையும் முன் கையையும் வாயையும் நீரால் தூய்மை செய்துகொண்டு, சந்நிதி முன் இரு முறை தலைவணங்கி, இரு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை வணங்குவது முறை. அதன்பின் மூலக் கட்டடத்தின் நான்கு பக்கச் செதுக்கு வேலைகளையும் பாருங்கள். முன்புறத்தில் குட்டிகளுடன் விளையாடும் புலி. கிழக்கில் சங்கிலியால் கட்டப்பட்ட நீல டிராகன். வடக்கில் தலையைத் திருப்பி வட திசையைக் காக்கும் ஆந்தை. மேற்கில் மூன்று குரங்குகள். டிராகன் அருகிலுள்ள ஷோரின்ஜி ஆலயக் குளத்தில் அட்டகாசம் செய்தபோதெல்லாம் இந்தச் செதுக்கத்தின் அடியில் நீர் தேங்கியிருந்ததாகவும், அதனாலேயே அதைச் சங்கிலியால் கட்டிவைத்ததாகவும் சொல்கிறார்கள். நிக்கோவில் உள்ள புகழ்பெற்ற குரங்குகள் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொள்ள, இங்குள்ளவை நன்றாகப் பார், நன்றாகக் கேள், நன்றாகப் பேசு என்கின்றன. எனக்குப் பிடித்தவை இவைதான்.

கோயிலிலிருந்து தெற்கே செல்லும் பன்பா தெருவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பழைய கடைகள் சில இன்னும் நிற்கின்றன. பட்டு வணிகத்தின் கதையை அறிய விரும்புவோர் மெய்சென் என்ற பட்டுத் துணியின் காட்சியகத்துக்குச் செல்லலாம். ஊருக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் கருணையின் போதிசத்துவரான கன்னோன் வழிபாட்டுக்குரிய 34 பௌத்த ஆலயங்கள் பரவியுள்ளன. சைகோக்கு, பந்தோ ஆகிய வட்டாரங்களின் கன்னோன் யாத்திரைகளில் தலா 33 ஆலயங்கள் உண்டு; அவற்றுடன் சேர்ந்து நூறு ஆகும்படி இங்கு ஓர் ஆலயம் கூடுதலாக அமைந்தது. கண் நோய் தீர வேண்டி வணங்கும் 13ஆம் ஆலயமான ஜிகென்ஜி, ஓஹனபத்தாகே நிலையத்துக்கு மிக அருகில் உள்ளது.

ஹிட்சுஜியாமா பூங்காவில் டிசம்பரில் பூக்கள் இருக்காது. ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரைதான் அங்குள்ள ஷிபசக்குரா மலர்ப்பரப்பைக் காண முடியும். ஆனால் அங்கிருந்து புகோ மலையை நேருக்கு நேர் பார்க்கலாம். சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி, 1,336 மீட்டராக இருந்த மலை இன்று 1,304 மீட்டராகியிருக்கிறது. படிப்படியாக வெட்டப்பட்ட அதன் சரிவைப் பார்த்தால், ஊர் வணங்கும் தெய்வமும் ஊருக்குச் சோறு போட்ட சுரங்கமும் ஒன்றே என்பது புரியும். நேரம் மிஞ்சினால் சிச்சிபு இரயில்வேயில் அரை மணிக்குள் நகதோரோ சென்று, ஆற்றங்கரையில் பாய் விரித்ததுபோல் அடுக்கடுக்காகக் கிடக்கும் பாறைகளைப் பார்த்துவரலாம். வழியில் உள்ள வாதோ பகுதியில் கிடைத்த செம்பு 708ஆம் ஆண்டில் அரசவைக்கு அனுப்பப்பட, அதையொட்டி அக்காலத்தைக் குறிக்கும் சகாப்தப் பெயரே வாதோ என மாற்றப்பட்டது.

டிசம்பரில் வர இயலாதவர்கள் கோயிலை அடுத்துள்ள திருவிழா மண்டபத்தில் தேர்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். ஜூலை 19, 20 தேதிகளில் இதே கோயிலின் கவாசே விழா நடைபெறுகிறது. அப்போது எட்டுச் சிறு தேர்கள் உலா வருகின்றன, 20ஆம் தேதி பல்லக்கை அரகாவா ஆற்றுக்குள் சுமந்து சென்று நீராட்டுகிறார்கள். டிசம்பர் விழாவைவிடக் கூட்டம் மிகக் குறைவு, விடுதி கிடைப்பதும் எளிது; ஆனால் அப்போது கடும் வெயிலுக்கு ஆயத்தமாக வர வேண்டும்.