அறிவியல் போட்டிக்கும் மதிப்பெண் போட வேண்டும்

சாஸ்த்ரோத்சவம் என்ற கேரளப் பள்ளி அறிவியல் போட்டி நெருங்கினால் எங்கள் கடைத்தெருவில் தெர்மாகோல் தீர்ந்துவிடும். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். கையில் அளவு குறித்த சீட்டு, முகத்தில் நாளைக்குள் எரிமலை வெடித்தாக வேண்டும் என்ற கவலை. அடுத்த வாரம் அந்த எரிமலை உபஜில்லா (கல்வித் துணை மாவட்டம்) அளவிலான போட்டிக்குப் போகும். 'ஏ கிரேடு' வாங்கும், அல்லது வாங்காமல் திரும்பும். எப்படியானாலும் அதன் பிறகு வகுப்பறை மூலையில் பல்லிக்கு வீடாகும்.

நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ் வழியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். (ஆந்திரச் சித்தூர் வேறு. வெளியூரில் ஊர்ப்பெயர் சொன்னால் பாதிப்பேர் திருப்பதிக்கு வழி கேட்பார்கள்.) கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் தமிழ் புழங்கும் கேரள ஊர்கள். இந்த வட்டாரத்துப் போட்டிகளில் நடுவராகவும் ஏற்பாட்டாளராகவும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டோமே தவிர, போட்டிக்கு ஒருவரும் போட்டதில்லை.

ஒரு மாணவியைச் சொல்லித் தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு. தன் தெருவைச் சுற்றியுள்ள பன்னிரண்டு கிணறுகளில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணியிருந்தாள். தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். அதனால் சொட்டு கூடினால் தண்ணீர் கடினம் என்று பொருள். பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். 2004இல் அங்கிருந்த குளிர்பான ஆலை மூடப்படும் முன்பே, அது கிணற்று நீரைக் கெடுக்கிறது என்ற பேச்சு இங்கே வீட்டுப் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சிலிருந்தே இவளுக்குக் கேள்வி பிறந்திருக்கும். ஆழமான கிணற்றில் தண்ணீர் இன்னும் கடினமா? அவள் கண்ட விடை, அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை என்பது. நடுவர்கள் மூன்று பேர். 'முடிவு தெளிவாக இல்லை' என்று கடைசி வரிசைக்குத் தள்ளினோம். அந்த மூவரில் நானும் ஒருவன்.

முதல் தவறு இங்கேயே இருக்கிறது. எதிர்பார்த்த விடை வராத ஆய்வைத் தோற்ற ஆய்வாக எண்ணுகிறோம். சரியாக அளந்து 'தொடர்பு இல்லை' என்று எழுதிய பிள்ளை, அளக்காமலே 'தொடர்பு உண்டு' என்று எழுதிய பிள்ளையைவிட நல்ல அறிவியல் செய்திருக்கிறது. இதை நாம் தண்டித்தால், அடுத்த ஆண்டு பிள்ளைகள் எண்களைத் திருத்தத் தொடங்குவார்கள். அந்தப் பாடத்தை அவர்கள் நம்மிடமிருந்துதான் படிக்கிறார்கள்.

இதற்கு மதிப்பெண் தாளும் ஒரு காரணம். எங்கள் தாளில் 'படைப்பாற்றல் 20' என்று அச்சடித்திருக்கும். எது 18, எது 11 என்று அதில் ஒரு வரியும் இராது. 1950இல் தொடங்கி அமெரிக்காவில் நடந்துவரும் ஐசெஃப் என்ற உலகளாவிய பள்ளி அறிவியல் போட்டியின் தாள் வேறு மாதிரி. நூறில் ஆய்வுக் கேள்விக்கு 10, திட்டமிட்ட முறைக்கு 15, செய்து தரவு சேர்த்து அலசியதற்கு 20, படைப்பாற்றலுக்கு 20, சுவரொட்டிக்கு 10, நேர்முகத்துக்கு 25. எங்கள் ஊர் எரிமலை அங்கே போனால் அழகுக்காகக் கிடைப்பது அந்தச் சுவரொட்டிப் பத்தில் ஒரு பகுதி மட்டும். பெரிய தனி ஒதுக்கீடு நேர்முகத்துக்கு என்பதைக் கவனியுங்கள். பிள்ளையோடு பேசாமல் பொருளைப் பார்த்து மதிப்பிட முடியாது என்பது அந்தத் தாளின் நிலைப்பாடு.

அப்பா செய்து கொடுத்தாரா என்று துப்பறிவதும் வீண்வேலை. தச்சுவேலை தெரிந்த அப்பா ஆணி அடித்துக் கொடுத்தால் அதில் குற்றமும் இல்லை. 'இதைச் செய்யும்போது எது கெட்டுப்போனது? அப்புறம் என்ன செய்தாய்?' என்று கேட்டால் போதும். சொந்தமாகச் செய்த பிள்ளை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசும். மற்றது அப்பாவைத் தேடும். கூடவே தேதி போட்ட குறிப்பேடு கேளுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத குறிப்பேட்டை முதல்நாள் இரவு எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று. கேரளச் சாஸ்த்ரோத்சவத்தில் நிலை மாதிரி, இயங்கு மாதிரி, ஆய்வுத் திட்டம், எளிய பொருள்களால் செய்யும் சோதனை என்று பிரிவுகள் தனித்தனியாக உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர் அளவில் நாமே நடத்தும் போட்டிகளில் எல்லாவற்றையும் ஒரே மேசை வரிசையில் வைத்து ஒரே தாளால் அளக்கிறோம். விளக்கு எரிகிற மாதிரிக்கு முன்னால் பன்னிரண்டு சோப்புத்தண்ணீர்ப் புட்டிகள் எப்படி நிற்கும்?

நடுவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஒருவர் தாராளம். அவர் போடும் சராசரி 80. இன்னொருவர் கறார். சராசரி 62. தாராளக்காரரிடம் 78 வாங்கிய ஆய்வு, உண்மையில் அவர் சராசரிக்கு இரண்டு குறைவு. கறார்க்காரரிடம் 68 வாங்கியது, அவர் சராசரிக்கு ஆறு கூடுதல். ஆனால் பரிசு 78க்குப் போகிறது. பிள்ளையின் உழைப்பு முடிவு செய்ய வேண்டியதை மேசை ஒதுக்கீடு முடிவு செய்துவிடுகிறது. ஒவ்வொரு ஆய்வையும் குறைந்தது மூன்று பேர் பார்க்கட்டும். எல்லா மேசைகளையும் எல்லாரும் பார்க்க முடியாவிட்டால், அவரவர் சராசரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, காலையில் தொடங்கும் முன் பழைய ஆய்வுகள் இரண்டை எல்லா நடுவர்களும் தனித்தனியே மதிப்பிட்டு, எண்களை வெளியில் சொல்லி, ஏன் வேறுபட்டது என்று அரைமணி நேரம் பேசுவது. நாங்கள் ஒருமுறை செய்தோம். ஒரே ஆய்வுக்கு 45 போட்டவரும் 80 போட்டவரும் டீ ஆறும்வரை வாதாடினார்கள். அன்றைய பொழுதில் உருப்படியாக நடந்தது அதுதான். போட்டி தொடங்கிய பிறகோ, மதிப்பெண்ணை எழுதி முடிக்கும்வரை அடுத்தவரிடம் பேசக்கூடாது. மூத்தவர் 'நல்லா இருக்கே' என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற இருவர் பேனாவும் அந்தப் பக்கம் சாயும்.

கேரள–தமிழ்நாட்டு எல்லைக்கே உரிய தவறு மொழி. இங்குள்ள பிள்ளைகளுக்கு மலையாளம் பேச்சில் வரும். ஆனால் பாடச் சொற்கள் தமிழில் படித்தவை. ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளையிடம் 'பிரகாச சம்ச்லேஷணம்' என்று கேட்டால் திகைக்கும். வளிமண்டலத்துக்கு அவர்கள் சொல் அந்தரீக்ஷம். இதில் வேடிக்கையானது 'பரீக்ஷணம்'. மலையாளத்தில் அது சோதனை. கிணற்று மாணவியிடம் மலையாள நடுவர் ஒருவர், பரீக்ஷணம் எத்தனை முறை செய்தாய் என்று கேட்டார். பதற்றத்தில் இவள் காதில் விழுந்தது பரீட்சை. 'இந்த வருஷம் ரெண்டு சார்' என்றாள். ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று முறை செய்திருந்தாள், குறிப்பேட்டில் இருந்தது. தாளில் ஏறியது இரண்டு. தமிழ் வழிப் பள்ளிகள் வரும் போட்டியில் ஒரு மேசைக்கு ஒரு தமிழ் தெரிந்த நடுவராவது வேண்டும். முடியாவிட்டால் இருமொழிச் சொற்பட்டியல் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

காலமும் பெரிய சிக்கல். பாலக்காட்டுக் கணவாயின் காற்றை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழியே அல்ல, வானிலை அறிக்கை. அந்தக் காற்றை அளக்க ஒரு பிள்ளைக்கு ஆசை வந்தால், போட்டி அறிவிப்பு கைக்கு வரும்போது ஆடி போய்விட்டிருக்கும். மூன்று வாரத்தில் செய்யக்கூடியது தெர்மாகோல்தான். பள்ளி திறக்கும் ஜூன் மாதமே கேள்விகளை வாங்கிவிட்டால் மழையை அளக்கலாம். தட்டையான அடிப்புறம் இல்லாத பிளாஸ்டிக் புட்டியில் மழைமானி செய்து, அந்த வளைவை அளவில் சேர்த்துப் பிழையாக அளந்து, பிறகு கூழாங்கல் போட்டு நேர்ச்சுவர் தொடங்கும் கோடுவரை தண்ணீர் நிரப்பி, அதைச் சுழியாக வைக்கக் கற்றுக்கொள்ளலாம். இப்படித் தவறுவதற்கும் திருத்துவதற்கும் மூன்று வாரம் போதாது. தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் ஆறான சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அந்த எண் இங்கே டீக்கடைப் பேச்சு. ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஆற்றின் மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வரும் வாய்க்காலில் ஒரு கட்டையை மிதக்கவிட்டு, வேகத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் பெருக்கி, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்கும் ஆய்வு எந்த எரிமலையையும் விழுங்கிவிடும். (பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும், வாய்க்கால் விளையாட்டல்ல.)

சரி, போட்டி பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? 'இத்தனை பள்ளிகள், இத்தனை பிள்ளைகள், மாநில அளவில் இத்தனை பரிசு' என்று ஆண்டறிக்கை எழுதுகிறோம். அது கூட்டத்தின் கணக்கு. பரிசளிப்பு மேடைக்குக் கீழே கருத்துப்படிவம் கொடுப்பது அதைவிட மோசம். பரிசு வாங்கியவர்களும் அவர்கள் அம்மா அப்பாவும் மட்டுமே அந்நேரம் அங்கே இருப்பார்கள். போட்டியில் கலந்தவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று காட்டுவதும் ஏமாற்று. ஆர்வம் உள்ள பிள்ளைதானே முதலில் பெயர் கொடுத்தது? அது போட்டி தந்ததா, ஏற்கெனவே இருந்ததா?

நான் கேட்கச் சொல்வது இரண்டு. போன ஆண்டு பரிசு வாங்காதவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு மறுபடி வந்தார்கள்? வராத பள்ளிகளுக்குப் போன் செய்து ஏன் என்று கேட்டீர்களா? இதோடு, ஜூனில் ஒருமுறை, போட்டி முடிந்து ஒருமுறை, பத்து நிமிடக் கேள்வி ஒன்று கொடுங்கள். இரண்டு தொட்டியில் ஒரே விதை, ஒன்றில் முளைத்தது, மற்றதில் முளைக்கவில்லை. காரணம் அறிய என்ன செய்வாய்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறதா, திரும்பச் செய்யச் சொல்கிறதா, அளந்து எழுதச் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். கலந்துகொள்ளாத வகுப்புத் தோழர்களிடமும் அதே கேள்வியைக் கொடுங்கள். இரு குழுவும் எவ்வளவு முன்னேறின என்று ஒப்பிட்டால் ஏதாவது தெரியும். எதுவும் தெரியாமலும் போகலாம். அப்படியானால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். கிணற்று மாணவி எழுதவில்லையா?

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திருத்தாதீர்கள். ஒரு ஆண்டு தாள், இடம், நடுவர், பிரிவு நான்கையும் மாற்றினோம். போட்டி நன்றாக நடந்தது. எதனால் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆட்கள் நாங்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்றையும் செய்வதில்லை. பிள்ளைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது: இது நன்றாக இருந்தது, அடுத்த முறை இதைச் செய்து பார். சான்றிதழில் 'பங்கேற்றார்' என்று மட்டும் இருக்கும். அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காது.

கிணற்று மாணவி அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்கு வந்தாள். 'எனக்கு எதில் சார் குறைந்தது?' என்று கேட்டாள். தாளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அலமாரியைத் திறந்தால் மேல்தட்டு காலி. பழைய பேப்பர்க்காரர் முந்தின நாளே வந்து போயிருந்தார்.