ஒரே ஹெட்ஃபோன், இரண்டு பெட்டிகள்: ‘ப்ரோ’ மாடலையும் வீட்டு மாடலையும் ஒப்பிடும் முறை

ஒரே நிறுவனம் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இரண்டு ஹெட்ஃபோன்களை விற்கும். ஒன்றின் பெட்டியில் ‘ப்ரோ’ அல்லது ‘ஸ்டூடியோ’ என்று அச்சிட்டிருக்கும், மற்றொன்றில் இருக்காது. வாங்க வந்தவர் எதை எடுப்பது என்று தெரியாமல் விலையை வைத்தோ பெயரை வைத்தோ முடிவு செய்துவிடுகிறார். இத்தகைய இணைகளை ஒப்பிடும்போது ஒலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. பல இணைகளில் டிரைவர், அதாவது ஒலியை உண்டாக்கும் பாகம், ஒன்றாகவோ மிக நெருங்கியதாகவோ இருக்கிறது. கேபிள், தலைப்பட்டையின் பிடிப்பு, காதுத்திண்டு, உதிரி பாகம் கிடைக்கும் வழி ஆகியவற்றில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

முதலில், கையில் இருப்பவை உண்மையிலேயே இணைதானா என்று பாருங்கள். 1985-இல் சோனி வெளியிட்ட எம்.டி.ஆர்-வி6, 1991-இல் வெளிவந்த எம்.டி.ஆர்-7506 ஆகிய இரண்டும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வி6 கடைகளில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது, 7506 ஒலிப்பதிவுத் தொழிலுக்கென்று வந்தது. இரண்டிலும் 40 மில்லிமீட்டர் டிரைவர், 63 ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை), சுருள் கேபிள், மடக்கும் அமைப்பு; ஒன்றின் காதுத்திண்டு மற்றொன்றுக்குப் பொருந்தும். வெளியே தெரியும் பெரிய வேறுபாடு, வி6-இல் சிவப்புப் பட்டையும் 7506-இல் நீலப் பட்டையும்தான்.

இந்த இணையின் விவரப் பட்டியலில் ஒரு பாடம் இருக்கிறது. வி6-க்கு அதிர்வெண் வரம்பு 5 முதல் 30,000 ஹெர்ட்ஸ் என்றும், 7506-க்கு 10 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றும் சோனி அச்சிட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் தொழில்முறை மாடல்தான் மட்டம் என்று தோன்றும். அந்த வரம்பின் விளிம்பில் ஒலி எத்தனை டெசிபல் குறைகிறது என்று சொல்லாதவரை, அந்த எண்ணை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்தவே முடியாது. மனிதச் செவி கேட்பது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஆகவே அந்த வரியைத் தாண்டிச் செல்லுங்கள்.

தாண்டக் கூடாத வரி, உணர்திறன்: கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. இங்கேதான் பலர் தவறான எண்களை ஒப்பிட்டுவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று சொல்கின்றன, சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று சொல்கின்றன; இரண்டையும் அப்படியே அருகருகே வைக்கக் கூடாது. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக மாற்ற, 1000-ஐ ஓம் எண்ணால் வகுத்து, விடைக்குப் பத்தடிமான மடக்கை எடுத்து, அதைப் பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். சோனி 7506-க்கு 106 டெசிபல், 63 ஓம். எனவே 12 கூடி 118 ஆகிறது. பேயர்டைனமிக் டி.டி 990 ப்ரோவின் 250 ஓம் வகைக்கு 96 டெசிபல். அங்கே 6 மட்டுமே கூடி 102 ஆகிறது. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதை நினைவில் கொண்டால், இந்த 16 டெசிபல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஒரு வோல்ட் அளவுக்கு மட்டுமே வெளியீடு தரும் சிறு டாங்கிளில் (போனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் இடையே செருகும் இணைப்பி) செருகினால் 7506 காதைப் பிளக்கும். 250 ஓம் பேயர் போதுமான சத்தத்தைத்தான் எட்டும், அமைதியாகப் பதிவான இசைக்கு அதுவும் போதாமல் போகலாம். பாகங்கள் ஒன்றாக இருந்தாலும் ஓம் வேறானால், நீங்கள் ஒப்பிடுவது ஹெட்ஃபோனை மட்டுமல்ல, அதை ஓட்டும் ஆம்பையும், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவியையும்தான்.

பேயர்டைனமிக்கின் டி.டி 880, டி.டி 990 ஆகியவற்றில் ‘ப்ரோ’, ‘எடிஷன்’ என்று இரு கிளைகள் உண்டு. எடிஷன் 32, 250, 600 ஓம் எனப் பல வகைகளில் வந்தது. ஒரே 250 ஓமில் இரண்டையும் எடுத்துக்கொண்டால், ப்ரோவுக்குச் சுருள் கேபிள், இறுக்கமான பிடி; எடிஷனுக்கு நேரான மூன்று மீட்டர் கேபிள், தளர்ந்த பிடி, கொஞ்சம் நயமான மேற்பூச்சு. குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்கு ஹெட்ஃபோன் நழுவாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இறுக்கம். நாற்காலியில் சாய்ந்து மூன்று மணி நேரம் கேட்பவருக்கு அதே இறுக்கம் தாடையில் வலியாக முடியும். பிடி இறுகினால் திண்டு அமுங்கி டிரைவர் காதுக்கு நெருங்குவதால், ஒலியிலும் சிறு மாற்றம் வரும். புதுத் திண்டு போட்ட எடிஷனையும் பல ஆண்டு அமுங்கிய திண்டுள்ள ப்ரோவையும் வைத்துக்கொண்டு, இரண்டும் வேறு டிரைவர் என்று சாதிப்பவர்கள் உண்டு. திண்டுகளை மாற்றிப் போட்டுக் கேட்டால் அந்த வாதத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஏ.கே.ஜி. கே701, கே702 இணையில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டும் 62 ஓம், இரண்டும் திறந்த அமைப்பு, அதாவது காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபடாதது. வெள்ளை நிற கே701-இன் கேபிள் கிண்ணத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டது. கருநிற கே702-இல் மினி எக்ஸ்.எல்.ஆர். இணைப்பு இருப்பதால் கேபிளைக் கழற்றி மாற்றலாம். ஹெட்ஃபோனில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான்: நாற்காலிச் சக்கரம் ஏறும், கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில் உள்கம்பி அறுந்து ஒரு காது விட்டுவிட்டுக் கேட்கும். கே702 என்றால் வேறு கேபிள் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. கே701 என்றால் திறந்து சால்டரிங் செய்ய வேண்டும். ஆனால் தொழில்முறை மாடல் என்றாலே கேபிள் கழலும் என்று எண்ணிவிடாதீர்கள். 7506-இன் கேபிளும், டி.டி 990 ப்ரோவின் பழகிய 250 ஓம் வகையின் கேபிளும் கழலாதவை. பெட்டியைப் பார்க்காமல் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள்.

சென்ஹைசரின் இணை வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 2020-இல் வந்த எச்.டி 560எஸ் வீட்டில் கேட்பவருக்கு. 2021-இல் வந்த எச்.டி 400 ப்ரோ ஒலிக்கலவை (மிக்ஸிங்) வேலை செய்பவருக்கு. இரண்டும் 120 ஓம், இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு 110 டெசிபல். 560எஸ்ஸோடு நீளமான கேபிள் ஒன்றுதான் வருகிறது. 400 ப்ரோவோடு சுருள் கேபிள் ஒன்றும் நேரான கேபிள் ஒன்றும் வருகின்றன. இதற்கிடையே நிறுவனம் தன் நுகர்வோர் பிரிவை ஸ்விட்சர்லாந்தின் சோனோவாவுக்கு விற்றது. 2022 மார்ச்சில் அது கைமாறியது. தொழில்முறைப் பிரிவு பழைய நிறுவனத்திடமே நின்றது. ஆகவே ஒரே பெயர் பொறித்த இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு உத்தரவாதமும் உதிரி பாகமும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. வாங்கும் முன் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். வீட்டு மாடல்களின் அட்டையில் வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி இருக்கலாம். விலை ஒன்றாக இருந்தால் இரண்டு கேபிளுக்காக 400 ப்ரோவை எடுப்பேன். விலை கூடினால் 560எஸ் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கே702, டி.டி 990 ப்ரோ, எச்.டி 400 ப்ரோ மூன்றுமே திறந்தவை, ஒலி வெளியே கசியும். மைக் முன் நின்று பாடுபவர் இவற்றை மாட்டினால் தாளச் சத்தம் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். குரல் பதிவுக்கு 7506, டி.டி 770 ப்ரோ போன்ற மூடிய வகையே வேண்டும்.

இனி காதுக்கு வருவோம். இரண்டில் எது சற்றுச் சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாக மனம் முடிவு கட்டிவிடும். அந்த மயக்கத்தை நீக்காமல் செய்யும் ஒப்பீடு வீண். கெட்டியான அட்டையின் நடுவில் போனின் மைக் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து மைக்கைத் துளையில் பொருத்துங்கள். பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த, அருவி இரைச்சல் போன்ற சோதனை ஒலி) ஓடவிட்டு, கிண்ணத்தை அட்டையின் மறுபுறம் இடைவெளி விழாமல் அழுத்துங்கள். முதல் ஹெட்ஃபோனின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது அதே எண்ணை அரை டெசிபலுக்குள் எட்டும்வரை வால்யூமைத் திருப்புங்கள். போன் காட்டும் எண் துல்லியமானதன்று. ஆயினும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதால் இந்த வேலைக்குப் போதும்.

கேட்பதற்கு உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளையே எடுங்கள். நல்ல கச்சேரிப் பதிவு ஒன்று பல சோதனைகளைச் சேர்த்தே செய்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி வழுவி ஏறும்போது உருண்டு கேட்கிறதா, வெறும் அதிர்வாக நிற்கிறதா என்று கவனியுங்கள். அது தாழ்ந்த அதிர்வெண்களைக் காட்டிக்கொடுக்கும். தம்புராவின் ரீங்காரம் பாடகரின் குரலுக்குப் பின்னால் தனித்துக் கேட்க வேண்டும். குரலில் ஸகரம் வரும் இடங்கள் ஊசிபோல் குத்தினால் மேல் அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்று பொருள், டி.டி 990 அதற்குப் பெயர் போனது, ப்ரோ, எடிஷன் இரண்டிலும் அது உண்டு. கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடும் இல்லாமலும் கேளுங்கள்: மூடிய வகையில் கண்ணாடிக் காம்பு திண்டைத் தூக்கிவிட்டால் தாழ்ந்த ஒலி கணிசமாகக் குறையும்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு சூடும் இறுக்கமும் தெரியவரும். நம் ஊர் வெயிலில் செயற்கைத் தோல் திண்டு வியர்வையில் ஊறிச் செதிலாக உரியும்; 7506 வைத்திருப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். வெல்வெட் போன்ற துணித்திண்டு குளிர்ச்சி, ஆனால் தூசி பிடிக்கும்.

புளூடூத் வகைகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸும் 2018-இல் வந்த அதன் புளூடூத் வடிவமும் 45 மில்லிமீட்டர் டிரைவர் கொண்டவைதான். ஆனால் கம்பியில்லா வழியில் உள்ளே இருக்கும் ஆம்பும் சுருக்கப்பட்ட ஒலியும் இடையே வருகின்றன, தாமதமும் சேர்கிறது. பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்பவருக்கு அந்தத் தாமதம் ஒத்துவராது.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். மோனோவாக, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாக, பிங்க் நாய்ஸை ஓடவிட்டால் ஒலி தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள்: சாய்வும் சேர்ந்து பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனிலோ அதற்கு வரும் சிக்னலிலோ இருக்கிறது, மாறாவிட்டால் உங்கள் காதிலோ திண்டு உட்காரும் விதத்திலோ இருக்கிறது. பக்கம் மாறியதென்றால் வேறொரு கருவியில் செருகி மறுபடி கேளுங்கள். அங்கேயும் அதே பக்கம் சாய்ந்தால் பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.