உங்கள் ஊரின் முதல் சாரணர் படையைத் தேடுவது எப்படி?

கும்பகோணத்தில் சாரண ஆசிரியராக இருந்தவன் நான். பெரிய நகரங்களின் சாரணர் கதை அச்சில் கிடைக்கிறது. 1909இல் பெங்களூரில் தொடங்கிய முதல் படை வெள்ளைக்காரப் பையன்களுக்கானது. நம் பிள்ளைகளுக்கென்று 1916 வாக்கில் சென்னையில் ஒரு சங்கம் வந்தது. அன்னி பெசன்ட்டும் அவரோடு பணியாற்றிய அருண்டேலும் தொடங்கியது. நம்மைப் போன்ற ஊர்களின் கதையோ பள்ளி பீரோவிலும் பெரியவர்கள் நினைவிலும்தான் இருக்கிறது. அதை இப்போதே எடுத்தாக வேண்டும்.

முதலில் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, சுவரில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோக்களைப் பாருங்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காதபடி சற்றுச் சாய்வாக நின்று மொபைலில் எடுங்கள். பையன்கள் தலையில் என்ன இருக்கிறது? பெசன்ட் சங்கத்துச் சாரணர்கள் தலைப்பாகை கட்டினார்கள். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இந்தியா வந்த 1921இல் அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. ஆனால் தலைப்பாகையை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள், பிறகும் கட்டியிருக்கலாம். சின்னத்தில் அசோகச் சக்கரம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்: பாரத சாரணர் இயக்கம் உருவான 1950 நவம்பர் 7க்குப் பிந்தைய படம். நடுவில் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் யாரென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தலைமை ஆசிரியர்களின் பெயரும் பணிக்காலமும் எழுதிய பலகை பெரும்பாலும் அதே அறையில் இருக்கும்.

அப்புறம் பழைய மாணவர்கள். "எந்த வருஷம் சேர்ந்தீங்க, தாத்தா?" என்று கேட்டால் குழம்புவார்கள். எங்கள் ஊரில் நான் மகாமகத்தைப் பிடித்துக்கொள்வேன். "கூட்டத்துல சேவைக்கு நின்னீங்களா? அப்போ எந்த வகுப்பு?" மகாமகம் 1945, 1956, 1968 என்று வருவதால் கணக்குப் போடுவது எளிது. உங்கள் ஊரில் ஒரு பெருவெள்ளமோ கும்பாபிஷேகமோ உதவும். பேச்சு நின்றுபோனால் கையில் ஒரு முழக் கயிற்றைக் கொடுங்கள். விரல்கள் தானாக, சாரணர்கள் கற்கும் ரீஃப் முடிச்சைப் போடும்; சொல்லிக்கொடுத்த ஆசிரியர், முகாம் போட்ட தோப்பு, ஸ்கார்ஃப் நிறம் என்று ஒவ்வொன்றாக வரும். குறுக்கே திருத்தாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

எழுதும்போது பார்த்ததைத் தனியாக, கேட்டதைத் தனியாக, ஊகத்தைத் தனியாக வையுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிக்கும் இன்னொன்றைக் கிளை நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.