முதல் கேமிங் பிசி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

புதிதாக கேமிங் பிசி அசெம்பிள் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பிராசசர் வாங்கலாம்?" அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. பாகங்கள் ஒன்றையொன்று கட்டிப்போடும். மானிட்டர் கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிக்கும், பிராசசர் மதர்போர்டைத் தீர்மானிக்கும், கார்டும் பிராசசரும் சேர்ந்து பவர் சப்ளையைத் தீர்மானிக்கும். வரிசை மாறினால் எங்காவது தேவைக்கு மேல் செலவாகும், இன்னோர் இடத்தில் கை கடிக்கும்.

படி 1: மானிட்டரில் தொடங்குங்கள்

1080பி திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனையையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஆகவே ரெசல்யூஷன் கூடினால் பாரம் அதன் தலையில்தான் விழும்.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமைத் தயாரிக்க 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸில் வெறும் 6.9. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார் மீது பட்டது என்பதையெல்லாம் அந்த நேரத்துக்குள் கணக்கிட வேண்டியது பிராசசர். ஆக, வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற போட்டி ஆட்டங்களை 240 ஹெர்ட்ஸில் ஆட நினைப்பவருக்கு பிராசசர் முக்கியம். பெரிய கதை ஆட்டங்களை 4கே-யில் ரசித்து ஆடுபவருக்குப் பணம் போக வேண்டியது கார்டுக்கு. நீங்கள் இதில் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், முதல் பிசிக்கு 1440பி நல்ல நடுவழி.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இதற்கே போகலாம். தயங்க வேண்டாம், ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது.

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 என்பதில் 50 தலைமுறை, 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். எண் பெரிது என்பதால் 5060, 4070-ஐ விட வேகமானது ஆகிவிடாது, 4070-தான் வேகம்.

அப்புறம் விராம், அதாவது கார்டில் உள்ள மெமரி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகிறது. சிப் ஒன்றேதான், பெட்டியிலும் பெயர் ஒன்றேதான். ஆனால் ஆட்டத்தின் டெக்ஸ்ச்சர்கள் (சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) 8 ஜிபி-க்குள் அடங்காதபோது, மிச்சம் மதர்போர்டிலுள்ள ரேமுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்தப் பாதை கார்டின் சொந்த மெமரியை விடப் பல மடங்கு மெதுவானது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டத்தில் பார்வையைத் திருப்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நகரும். ரிவ்யூ பார்க்கும்போது சராசரியோடு நிறுத்தாமல் "1% லோ" (மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) என்ற எண்ணையும் பாருங்கள், திக்கல் அங்கேதான் மாட்டும். 1440பி-க்கு 12 ஜிபி-யாவது வேண்டும், சில வருடம் தாங்க வேண்டுமென்றால் 16.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் என்பவை குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்திகள். பயனுள்ளவைதான். ஆனால் ஃபிரேம் ஜெனரேஷனையும் சேர்த்து விளம்பரத்தில் காட்டும் எஃப்பிஎஸ்-ஐ வைத்துக் கார்டுகளை ஒப்பிடாதீர்கள். நடுவில் உருவாக்கிச் சொருகிய ஃபிரேம்களில் உங்கள் மவுஸ் அசைவு இருக்காது.

படி 3: பிராசசர், கூடவே மதர்போர்டு

6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை) உள்ள புதிய தலைமுறை பிராசசர் பெரும்பாலானோருக்குப் போதும். 16 கோர் வாங்கி வைத்தால் ஆட்டம் அதையெல்லாம் பயன்படுத்தாது. வீடியோ எடிட்டிங்கும் செய்பவர் என்றால் அது வேறு கதை.

உயர் எஃப்பிஎஸ் தேடுபவர்கள் ஏஎம்டி-யின் "எக்ஸ்3டி" மாடல்களைப் பார்க்கலாம். ரைசன் 7 9700எக்ஸ், 9800எக்ஸ்3டி இரண்டும் 8 கோர்தான். ஆனால் எல்3 கேஷ் முதலதில் 32 எம்பி, இரண்டாவதில் 96 எம்பி. ஆட்டத்துக்கு அடிக்கடி தேவைப்படும் தரவு பிராசசருக்குள்ளேயே இருப்பதால், ரேம் பக்கம் போய்க் காத்திருப்பது குறைகிறது.

மதர்போர்டில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் பொருந்தும். கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 வேண்டும். ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது, 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. சில வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இது கணக்கில் சேரும். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும். எல்ஜிஏ1700-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள்.

போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் புது பிராசசரை பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அடையாளம் காணாமல் போகலாம். பென் டிரைவ் மூலம் பிராசசர் இல்லாமலேயே அப்டேட் செய்யும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் கவலையில்லை. வைஃபை எல்லாப் போர்டிலும் இருக்காது, அதையும் பாருங்கள். மற்றபடி பளபளக்கும் விலையுயர்ந்த போர்டு எஃப்பிஎஸ்-ஐக் கூட்டாது.

படி 4: ரேமும் எஸ்எஸ்டி-யும்

ரேம் பெட்டியில் "டிடிஆர்5-6000 சிஎல்30, 32 ஜிபி (2 × 16)" என்று இருக்கும். 6000 வேகம், சிஎல்30 தாமதம். சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் வரும்: 30 × 2000 ÷ 6000 = 10. இதே கணக்கை 5200 சிஎல்40-க்குப் போட்டால் 15-க்கு மேல். ஏஎம்5-க்கு 6000 சிஎல்30 நல்ல தேர்வு.

ஒரே 32 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 16 ஜிபி மேல், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்யும். "பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்" என்று திட்டமிட வேண்டாம். நான்கு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5 பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டி-க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். என்விஎம்இ வகை, 1 டிபி-க்குக் குறையாமல். அதே எம்.2 வடிவில் (போர்டில் நேராகச் செருகும் சிறு பட்டை) பழைய சாட்டா வகை எஸ்எஸ்டி-யும் வரும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும்.

படி 5: பவர் சப்ளை

எல்லோரும் கடைசியில் மிஞ்சிய காசில் வாங்குவது இதைத்தான். அப்படிச் செய்யாதீர்கள், மற்ற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது.

ஒரு கணக்குப் போடலாம். ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட். ரைசன் 5 9600எக்ஸ் உச்சத்தில் 88 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 60 வாட் வைத்தால் மொத்தம் 398. அப்படியானால் 450 வாட் போதுமா? போதாது. கார்டு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அந்தத் துள்ளலைத் தாங்காத பவர் சப்ளை பட்டென்று அணைந்துவிடும். இந்தக் கார்டுக்கு என்விடியாவே 650 வாட் பரிந்துரைக்கிறது. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்திருந்தால் இத்தகைய துள்ளலைத் தாங்கும்படி வடிவமைத்தது என்று பொருள்.

80 பிளஸ் கோல்டு, பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்பவை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று மட்டுமே. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. தனி ரிவ்யூ படியுங்கள். இன்னொன்று: மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளை வேறு மாடலில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் பின் வரிசை வேறாக இருக்கலாம், எஸ்எஸ்டி-யோ போர்டோ கருகிவிடும்.

படி 6: கேபினட், கூலர்

முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் அழகு, வலைமுகம் உள்ளது குளிர்ச்சி. நான் வலைமுகத்தையே சொல்வேன். மூன்று அளவுகளை மட்டும் ஸ்பெக் பக்கத்தில் பாருங்கள்: கார்டின் நீளம், கூலரின் உயரம், போர்டின் வடிவம். பெரிய டவர் கூலர்கள் 160 மிமீ-க்கு மேலும் போகும். கேபினட்டில் "கார்டு 330 மிமீ வரை" என்று இருந்தாலும், முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டரைப் பொருத்தினால் அதன் தடிமனையும் ஃபேனின் தடிமனையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். 9600எக்ஸ், 9800எக்ஸ்3டி போன்றவற்றுடன் கூலர் வராது, பட்டியலில் தனியாகச் சேருங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அங்கே 60 என்று காட்டினால் மாற்றிவிடுங்கள்.